கயிறு பிடிப்பவரின் பொறுப்பு

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு வெளியே வரும் டிரெய்லரின் கேபினைச் சற்றுக் கவனியுங்கள். டேஷ்போர்டில் ஒட்டிய தாங்கியில் கைபேசி ஒளிர்ந்துகொண்டிருக்கும். தாங்கி உடைந்துபோன வண்டிகளில் அது ஓட்டுநரின் மடியில் கிடக்கும். கன்டெய்னர் எண்ணையும் சீலையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்றா என்று கிளியரிங் ஏஜென்ட் கேட்பார். எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று சி.எஃப்.எஸ். எனும் கன்டெய்னர் சரக்கு நிலைய யார்டிலிருந்து கேட்பார்கள். டோல் தாண்டியாயிற்றா, டீசல் பணம் வந்து சேர்ந்ததா என்று வண்டி முதலாளி கேட்பார். திரும்பி வரும்போது எம்ப்டியாக வராமலிருக்க ஒரு லோடு இருக்கிறது, இப்போதே சொல், இல்லையென்றால் அடுத்த வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று புக்கிங் ஆபீஸ் சொல்லும். இந்த அழைப்புகளில் ஒன்றைக்கூட ஓட்டுநர் தொடங்கவில்லை. ஓடும் வண்டியில் கைபேசியை எடுத்த குற்றத்துக்கு அபராதம் கட்டுவது மட்டும் அவர். மறுமுனையில் இருப்பவரைக் கணக்கில் சேர்க்காதவரை, எவ்வளவு அபராதம் போட்டாலும் அந்தக் கைபேசி ஒலித்துக்கொண்டேதான் இருக்கும்.

தூத்துக்குடியை எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-ல் வ.உ.சி.யின் பெயரைப் பெற்ற இந்தத் துறைமுகம், இப்போது ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. திருப்பூரின் பின்னலாடை, கரூரின் வீட்டு உபயோகத் துணிகள், சிவகாசியின் தீப்பெட்டி எல்லாம் இங்கே வந்துதான் கப்பல் ஏறுகின்றன. கன்டெய்னரில் வருவதும் போவதும் பெரும்பாலும் சாலை வழியாகத்தான். 2024 செப்டம்பரில் இன்னொரு கன்டெய்னர் முனையமும் திறக்கப்பட்டுவிட்டது. எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலை, வாகைக்குளம், வல்லநாடு வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும் நெடுஞ்சாலை, ராமநாதபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகிய மூன்றும் இந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. அந்தப் பாரத்தின் நடுவேதான் உப்பளத் தொழிலாளர்கள் போகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டியவர்கள் அவர்கள். விடிவதற்கு முன்பே சைக்கிளிலும் மொபெட்டிலும் லோடு ஆட்டோவிலும் சாலைக்கு வந்துவிடுவார்கள். சரக்கோடு 40 டன்னைத் தொடும் ஒரு டிரெய்லரும், பின்விளக்குகூட இல்லாத ஒரு சைக்கிளும் ஒரே இருட்டில் ஒரே சாலையில் போகும் ஊர் இது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. வந்த செய்தி யாருடையது என்று பார்க்க மூன்று நொடி கண்ணைத் தாழ்த்தினால், 50 மீட்டர் தூரம் அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று பொருள்.

இது உண்மையிலேயே அத்தனை பெரிய சிக்கலா என்று கேட்பவர்களுக்கு அரசின் புள்ளிவிவரமே துணை நிற்பதுபோலத் தோன்றும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312; இறந்தவர்கள் 1,68,491 பேர். எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களையும்விட அதிகமாக 64,105 விபத்துகள் தமிழ்நாட்டில்தான் நடந்தன. 17,884 பேர் உயிரிழந்தார்கள். நாடு முழுவதும் கைபேசியால் இறந்ததாகப் பதிவானவர்கள் 3,395 பேர், அதாவது மொத்த இறப்பில் 2 விழுக்காடு. வேகத்தால் இறந்ததாகப் பதிவானவர்களோ பத்தில் ஏழு பேருக்கு மேல். அப்படியானால் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் போதாதா? இங்கேதான் ஒரு கேள்வி எழ வேண்டும். அதே அமைச்சகத்தின் முந்தைய ஆண்டு அறிக்கையில் கைபேசியால் இறந்தவர்கள் 1,040 பேர்தான். ஒரே ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஓட்டுநர்களின் பழக்கம் ஓர் ஆண்டில் இப்படித் தலைகீழாக மாறாது. மாறக்கூடியது, காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுகிறோம் என்பதுதான். விபத்து நடந்த இடத்துக்குப் போகும் காவலருக்கு டயர் தேய்ந்த தடம் தெரியும், மது வாடை தெரியும், நொறுங்கிய வண்டி தெரியும். மோதுவதற்கு நான்கு நொடி முன்பு ஓட்டுநரின் கண் எங்கே இருந்தது என்பது எந்தத் தடயத்திலும் தெரியாது. ஓட்டுநர் இறந்திருந்தால் சொல்ல ஆளில்லை. உயிரோடு இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆக ‘அதிவேகம், கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். அந்தக் கவனக்குறைவுக்குள் எத்தனை கைபேசி ஒளிந்திருக்கிறது என்று யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஆகவே அந்த 2 விழுக்காட்டைக் கீழ்வரம்பாக மட்டுமே கொள்ள முடியும்.

தோண்டிப் பார்த்த நாடுகளில் கிடைத்த விடை வேறு. கனடாவின் டொராண்டோவில் மோதலில் சிக்கிய, கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை வாங்கி, மோதல் நடந்த நேரத்தோடு ஒப்பிட்டு, ரெடெல்மயர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கைபேசியில் பேசிய நேரத்தில் மோதும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று அவர்கள் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 456 ஓட்டுநர்களை வைத்து 2005-ல் வெளிவந்த ஆய்வும் அதே நான்கு மடங்கில்தான் வந்து நின்றது. நம் துறைமுகச் சாலைக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து நிறுவனத்தின் ஆய்வு. லாரிகளுக்குள் கேமராவைப் பொருத்தி, உண்மையான ஓட்டுநர்கள் உண்மையான சாலையில் ஓட்டுவதைப் பதிவு செய்தார்கள். 2009-ல் வெளியான முடிவு இது: ஓட்டிக்கொண்டே குறுஞ்செய்தி தட்டும் லாரி ஓட்டுநர் விபத்திலோ விபத்தின் விளிம்பிலோ போய் நிற்கும் வாய்ப்பு 23 மடங்கு. எண்ணை அழுத்தினால் ஏறக்குறைய 6 மடங்கு. ஆபத்து நேர்வதற்கு முந்தைய 6 நொடியில், குறுஞ்செய்தி தட்டியவர்களின் கண் 4.6 நொடி சாலையில் இல்லை.

இதே ஆய்வில் என் வாதத்துக்கு எதிரான ஒன்றும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. கைபேசியில் வெறுமனே பேசுவதால் லாரி ஓட்டுநர்களுக்கு ஆபத்து கூடியதாக அந்த ஆய்வு காணவில்லை. டொராண்டோ, பெர்த் ஆய்வுகளோ காதுக்கருவி வைத்துப் பேசினாலும் ஆபத்து குறையவில்லை என்றன. இரண்டுக்கும் நடுவே ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். இரவு முழுக்க ஒற்றையாக ஓட்டும் ஓட்டுநர்கள் சொல்வதும் இங்கே பொருந்துகிறது: வீட்டோடு இரண்டு வார்த்தை பேசினால் தூக்கம் கலைகிறது என்பார்கள். அதை ஒரேயடியாக மறுக்க என்னால் முடியவில்லை. தூக்கத்துக்கு மருந்து தூக்கமே, பேச்சு அன்று. ஆனாலும் எது பெரிய தீமை என்ற இடத்தில் சான்று ஒரே குரலில் பேசுகிறது. கண்ணைச் சாலையிலிருந்து திருப்புவதும், கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுப்பதும்தான் கொல்கின்றன. படமெடுத்து அனுப்பு, எண்ணைப் பார்த்துச் சொல், இ-வே பில்லைத் திறந்து பார் என்று கேட்கும் ஒவ்வொரு தொழில் அழைப்பும் இந்த இரண்டையும் செய்யச் சொல்கிறது. மனைவி கேட்பது சாப்பிட்டாயிற்றா என்று. ஆபீஸ் கேட்பது சீல் நம்பர். முதல் கேள்விக்குக் கண்ணை எடுக்காமல் பதில் சொல்லலாம், இரண்டாவதற்கு முடியாது. பக்கத்தில் கிளீனர் உட்கார்ந்து பேசினால் மட்டும் கவனம் சிதறாதா என்றும் கேட்பார்கள். கிளீனருக்கும் முன்னால் சாலை தெரிகிறது. குறுக்கே ஒரு மாடு வந்தால் அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கத்துவார். மறுமுனையில் ஏ.சி. அறையில் இருப்பவருக்கு மாடு தெரியாது, அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அந்தக் கிளீனர் இப்போது பல வண்டிகளில் இல்லை. செலவைக் குறைக்க அவரைத்தான் முதலில் நிறுத்தினார்கள். தேசிய பெர்மிட் வண்டிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-ல் நீக்கப்பட்டது. முன்பு போன் வந்தால் எடுத்துப் பேசவும், பேப்பரைப் புரட்டிப் பார்க்கவும் ஒரு கை இருந்தது. இன்று அந்த வேலை முழுவதும் ஓட்டுபவரின் தலையில் விழுந்திருக்கிறது. கைபேசிப் பழக்கத்தை ஓட்டுநரின் ஒழுக்கக்கேடாகப் பார்ப்பவர்கள் இந்த மாற்றத்தை மனத்தில் கொள்ள வேண்டும். இருவர் செய்த வேலையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவருக்குக் கூடுதலாக ஒரு கருவியையும் கொடுத்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை 184-ஆவது பிரிவின் கீழ் அபாயகரமான ஓட்டுதலாகவே வகைப்படுத்தியது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் இரண்டாண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு முதல் முறைக்கு 1,000, அடுத்த முறைக்கு 10,000 ரூபாய் என்று இணக்கக் கட்டணத்தை நிர்ணயித்தது. வழிகாட்டும் வரைபடத்துக்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் விதி திருத்தப்பட்டது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்குதான் இந்தத் திசையில் நாட்டை நகர்த்தியது என்று தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். நொறுங்கிய எலும்புகளை நாளெல்லாம் சேர்த்துவைத்த ஒரு மருத்துவர், அவை நொறுங்காமலிருக்க வழி தேடி நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் அமைந்த நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் குழு, வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசுபவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் முடக்க வேண்டும் என்று 2015-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மூன்று மாதம் உரிமம் இல்லையென்றால் ஒரு டிரெய்லர் ஓட்டுநரின் வீட்டில் மூன்று மாதம் அடுப்பு எரியாது. இவ்வளவு கடுமையும் ஒரே ஆள் மீதுதான்.

மறுமுனையில் இருப்பவரைத் தொட சட்டத்தில் இடமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இடம் இருக்கிறது. அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-ஆவது பிரிவு, 184, 185, 186 ஆகிய பிரிவுகளின் கீழான குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே உண்டு என்கிறது. 185 என்பது குடித்துவிட்டு ஓட்டுவது. ஓட்டுநருக்கு ஊற்றிக்கொடுத்து, கையில் சாவியையும் கொடுப்பவர் உடந்தை என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டோம். கைபேசிப் பயன்பாடு 184-க்குள் வந்த நாளிலிருந்து, வண்டி ஓடுகிறது என்று தெரிந்தே ‘நிறுத்தாதே, படத்தை இப்போதே அனுப்பு’ என்று சொல்பவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார். இந்தக் கரைக்கு இது புதிய நீதியும் இல்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த நாள்களிலும், அதற்குப் பின் சங்கு குளிப்பிலும், கீழே மூச்சடக்கி இறங்குபவரின் உயிர் மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவரின் கையில் இருந்தது. கயிற்றில் சிறு அசைவு வந்ததும் இழுத்துவிட வேண்டும். அதுவரை அவருக்கு வேறு வேலை கிடையாது. தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம் இருக்குமென்று, மச்சானையே கயிறு பிடிக்கச் சொல்வார்கள் என்ற வழக்கு இந்தக் கரையில் இன்றும் பேசப்படுகிறது. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. ஆபத்தான வேலையில் ஒருவரை இறக்கிவிட்டு, பாதுகாப்பான இடத்திலிருந்து அவரோடு தொடர்பு வைத்திருப்பவருக்குத்தான் கூடுதல் பொறுப்பு என்ற முறை மட்டும் முடிந்துபோக வேண்டியதில்லை.

உடந்தையை எப்படி நிரூபிப்பது என்பது வலுவான எதிர்வாதம். வண்டி ஓடுவது எனக்குத் தெரியாது என்று அழைத்தவர் சொல்லிவிடலாம். பத்தாண்டுகளுக்கு முன்பு அது எடுபட்டிருக்கும். இன்று ஃபாஸ்டேக் உள்ள வண்டி புதூர் பாண்டியாபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டிய மறு நிமிடமே, பணம் பிடித்த குறுஞ்செய்தி உரிமையாளரின் கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஜி.பி.எஸ். பொருத்திய வண்டி எந்த வேகத்தில் எங்கே போகிறது என்பதை ஆபீசில் திரையில் பார்க்கலாம். எங்கே வருகிறாய் என்ற அழைப்பே அநாவசியம் என்பதற்கும், வண்டி ஓடுவது அழைத்தவருக்குத் தெரியும் என்பதற்கும் ஒரே சான்று போதுமானது. உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு கனரக வாகன விபத்திலும், மோதலுக்கு முந்தைய பத்து நிமிட அழைப்புப் பதிவைப் புலனாய்வு அதிகாரி கேட்டு வாங்க வேண்டும். வாட்ஸ்அப் அழைப்புகள் தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் வராது. அதற்குக் கைபேசியையே ஆய்வுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். தனியுரிமை மீறல் என்ற அச்சத்துக்கு அந்தப் பத்து நிமிட எல்லையே பதில். அழைத்தவரையெல்லாம் சிறையில் தள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வண்டி ஓடுகிறது என்பதை அறியாமல் ஒரு முறை அழைத்த மகளுக்கும், அறிந்தே நான்கு முறை அழைத்த புக்கிங் ஆபீசுக்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அழைத்தவரின் பெயரும் வழக்கு ஏட்டில் ஏறும் என்ற நிலை வந்தாலே போதும், பல அழைப்புகள் தாமாக நின்றுவிடும்.

பிற நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. 2010 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மன்ஃபோர்ட்வில் அருகே ஒரு லாரி நடுத்திட்டைத் தாண்டிப் போய் எதிரே வந்த வேன் மீது மோதியது. 11 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநரும் இறந்துவிட்டதால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. கைபேசிப் பதிவுகளை எடுத்துப் பார்த்துத்தான் அவர் கைபேசியில் கவனத்தைக் கொடுத்திருந்தார் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. நம் ஊரில் என்றால் ‘தூக்கக் கலக்கம்’ என்று ஏடு மூடப்பட்டிருக்கும். வணிக வாகன ஓட்டுநர்கள் கைபேசியைக் கையில் பிடிக்கக் கூடாது என்ற கூட்டாட்சி விதி 2012 ஜனவரி 3-ல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அந்த விதியில் ஓட்டுநருக்கு அதிகபட்ச அபராதம் 2,750 டாலர். அவரைப் பேச அனுமதித்த, அல்லது பேச வைத்த நிறுவனத்துக்கு 11,000 டாலர். யாருக்கு நான்கு மடங்கு என்பதைப் பாருங்கள். பிரிட்டனிலும் 2003 டிசம்பர் முதல், பிறரைக் கைபேசியோடு ஓட்டச் செய்வதோ அனுமதிப்பதோ தனிக் குற்றம்.

கப்பலுக்குக் கட்-ஆஃப் நேரம் இருக்கிறது, அதைத் தவறவிட்டால் கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும், ஏற்றுமதியாளருக்கு இழப்பு, ஆகவே ஓட்டுநரோடு இடைவிடாத தொடர்பு தேவை என்று தொழில்துறையினர் சொல்வார்கள். நெருக்கடி உண்மைதான். ஆனால் அழைப்பு சாலையின் தூரத்தைக் குறைப்பதில்லை. எட்டயபுரம் அருகே இருக்கும் வண்டியை மூன்று முறை அழைத்தால் அது மூன்று நிமிடம் முன்னதாக வந்துவிடாது. சீல் படம், எண், இ-வே பில் எல்லாம் யார்டை விட்டு வண்டி கிளம்பும் முன்பே முடித்துவிடக்கூடிய வேலைகள். சட்டமும் ஓட்டுநரை அப்படி விரட்டவில்லை. இ-வே பில் 200 கி.மீ.க்கு ஒரு நாள் அவகாசம் தருகிறது, 300 கி.மீ.க்கு மேலுள்ள திருப்பூருக்கு இரண்டு நாள் கிடைக்கும். லோடு கையை விட்டுப் போய்விடும் என்ற ஓட்டுநரின் பயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதலில் போன் எடுப்பவருக்கு லோடு என்ற முறை இருக்கும்வரை, எடுக்காதே என்று அறிவுரை சொல்வது பசித்தவனிடம் சாப்பிடாதே என்பதுபோல. பதில் சொல்ல அரை மணி நேரம் அவகாசம் என்று லாரி உரிமையாளர்களும் புக்கிங் ஆபீஸ்களும் தங்களுக்குள் முடிவு செய்தால், எந்த ஓட்டுநருக்கும் இழப்பில்லை. அந்த அரை மணிக்குள் ஒதுங்கிப் பேச இடமும் வேண்டும். சாலையின் ஓரத்தில் இருட்டில் டிரெய்லரை நிறுத்துவது இன்னொரு கொலைக்கு வழி. ஒளியும் கழிப்பறையும் உள்ள நிறுத்தத் தளங்களை நெடுஞ்சாலை ஆணையம் அமைத்துத் தராமல் ‘ஓரம் கட்டிப் பேசு’ என்று சொல்ல முடியாது.

இதைத் தூத்துக்குடியில் தொடங்குவது எளிது. ஊரெங்கும் சிதறிய பத்தாயிரம் வண்டிகளைக் கண்காணிப்பது கடினம். துறைமுகத்தின் வண்டிகளோ வாயிலைக் கடந்துதான் ஆக வேண்டும், நுழைவுச் சீட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஓடும் வண்டியின் ஓட்டுநரை எங்கள் ஆபீசிலிருந்து அழைக்க மாட்டோம் என்ற எழுத்துமூல உறுதியை, துறைமுக ஆணையம் அந்தச் சீட்டுக்கு ஒரு நிபந்தனையாக வைக்கலாம். கையில் கைபேசியோடு ஒரு ஓட்டுநர் பிடிபட்டால், அவருக்குப் போகும் அபராதச் சீட்டின் நகல் வண்டியின் நிறுவனத்துக்கும் அன்றைய சரக்குக்குப் பொறுப்பான ஏஜென்டுக்கும் போகலாம். மீண்டும் மீண்டும் நகல் வாங்கும் நிறுவனத்தின் சீட்டைச் சில நாள் நிறுத்திவைக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழு, துறைமுகத்தையும் சி.எஃப்.எஸ். நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து இதைப் பேசி முடிக்கலாம். எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

அதுவரை காத்திருக்க வேண்டாதவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர். கிளியரிங் ஆபீசிலோ யார்டிலோ புக்கிங் மேசையிலோ உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஓட்டுநர் போனை எடுத்ததும், வேறு எதையும் கேட்பதற்கு முன் ‘வண்டி நிற்குதாண்ணே?’ என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்த நொடியே வைத்துவிடுங்கள்.